ரிட்டர்ன் லோடு

விடுமுறைக்கு ஒரே ஊரில் வீடு எடுத்துத் தங்கி, தினமும் அங்கிருந்தே சுற்றிவரலாம் என்று அவள் சொன்னதும், கணவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். தினம் ஓர் ஊர், தினம் ஒரு லாட்ஜ், போன பாதையில் திரும்பாமல் பெரிய வட்டமடித்து வீடு சேர்வது என்று அவர் மனதுக்குள் வண்டியைக் கிளப்பிப் பாதி தூரம் போயிருந்தார்.

நெடுந்தூர லாரி ஓட்டுகிறவர். சரக்கை இறக்கிய ஊரிலேயே, திரும்பி வருவதற்கு இன்னொரு சரக்கு கிடைக்கும்வரை காத்துக் கிடப்பார். ரிட்டர்ன் லோடு இல்லாமல் வண்டியைத் திருப்பினால் டீசல் கையைக் கடிக்கும். அதனால், 'இதோ கிளம்பிட்டேன்' என்று போனில் சொல்பவர் எப்போது வாசலுக்கு வந்து நிற்பார் என்பது அவருக்கே தெரியாது.

"காலையில போயிட்டு சாயங்காலம் அதே ரோட்டுல வரணுமா? காலி வண்டி ஓட்டுற மாதிரி இருக்கும்மா," என்றார். "அதுக்கு எதுக்குப் போகணும்?"

"திரும்பி வர்றதுக்குத்தான்," என்றாள்.

அதற்குமேல் சொல்லக் கூச்சமாக இருந்தது. தினமும் பெட்டியைக் கட்டி அவிழ்க்க வேண்டாம், சமையலறை இருக்கும், துவைத்த துணி காயும் என்று வேறு காரணங்களை அடுக்கினாள். அவர் ஒவ்வொன்றையும் மறுத்துக்கொண்டிருக்க, "அப்பா, அம்மா முடிவு பண்ணியாச்சு. நீங்க ஸ்டியரிங்கை மட்டும் பிடிங்க," என்று மகள் தீர்ப்புச் சொன்னாள்.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் ஒரு முறைகூட அவருக்குக் கதவைத் திறந்ததாக அவளுக்கு நினைவில்லை. அவர் வரும்போது அவள் தான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் யாருடைய மூக்குக்காவது ஃபிரேமை வளைத்துக்கொண்டிருப்பாள். இல்லையென்றால் அசந்து தூங்கிக்கொண்டிருப்பாள். அவரிடம் தனிச் சாவி உண்டு. எழுப்பக் கூடாதே என்று பூனைபோல் வந்து படுத்துக்கொள்வார். அவ்வளவு நல்ல மனுஷன். கண் விழித்தால் பக்கத்தில் இருப்பார்; வந்ததுதான் தெரியாது. எதிர்வீட்டு வங்கிக்காரர் சாயங்காலமானால் மணியடிப்பார். "வந்தாச்சா?" என்று அலுத்துக்கொண்டே அவர் மனைவி கதவைத் திறப்பாள். அந்த அலுப்பின் மேல் இவளுக்குப் பொறாமை.

ஏரிக்கரை ஊர் ஒன்றில் வீடு அமைந்தது. வீட்டுக்காரம்மா ஒரே ஒரு சாவியைத்தான் கொடுத்தாள். இன்னொன்றை முன்பு தங்கியவர்கள் தொலைத்துவிட்டார்களாம். இவள் அதை வாங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது.

முதல் நாள் அருவி. மறுநாள் பழைய கோட்டை. அதற்கு அடுத்த நாள் தோட்டம். அன்று சாயங்காலம் மூவரும் திரும்பியபோது வீடு இருண்டு கிடந்தது. இவள் இறங்கிப் போய்ப் பூட்டில் சாவியை நுழைத்தபோதுதான் உறைத்தது. அவர் தினமும் திரும்பி வருகிறார், சரி. கூடவே இவளும் அல்லவா வருகிறாள்? பார்த்துப் பார்த்து வீடு பிடித்தவள், கதவைத் திறக்க உள்ளே ஆள் வேண்டும் என்பதைக் கோட்டைவிட்டிருந்தாள். தன் புத்தியை நினைத்து அவளுக்கே சிரிப்பு வந்தது. பின்னால் பைகளோடு நின்றவர், பூட்டு சிக்கிக்கொண்டதா என்று கேட்டார்.

மறுநாள் காலையில் தான் வரவில்லை என்றாள். தலைவலியா, கோபமா என்று அவர் மாற்றி மாற்றிக் கேட்டார். ஒன்றுமில்லை, வீட்டில் இருக்க வேண்டும்போல் இருக்கிறது என்றாள். முகம் வாடித்தான் மகளோடு வண்டியை எடுத்தார்.

வீட்டைப் பெருக்கினாள். முகம் கழுவிப் புடவை மாற்றிக்கொண்டாள். யாரோ பெண் பார்க்க வருவதுபோல் இதென்ன கூத்து என்று தன்னையே திட்டிக்கொண்டாள். டீக்குத் தண்ணீர் வைத்து இறக்கியபோது மகள் போன் செய்தாள். படகு சவாரி முடிந்ததாம்.

"அப்பா மலைக்கும் போயிட்டு வரலாமாங்கிறார். மேல இருந்து பார்த்தா சூரியன் மறையறது சூப்பரா இருக்குமாம். லேட்டானா பரவாயில்லையாம்மா?"

"போயிட்டு வாங்க," என்றாள். குரல் இடறாமல் பார்த்துக்கொண்டாள்.

பிறகு சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்தாள். தெருவில் வந்த ஒவ்வொரு வண்டிக்கும் காது நீண்டது. ஒவ்வொன்றும் வேறு யாருடைய வாசலுக்கோ போனது. அடுத்த வாரம் அவர் மறுபடி லாரி ஏறிவிடுவார். தண்ணீர் ஆறிப்போயிருந்தது.

வெயில் இன்னும் சுவரில் இருக்கும்போதே மணி அடித்தது.

கதவுக்குப் பின்னால் ஒரு கணம் நின்றாள். திறந்தாள். காற்றில் தலை கலைந்து, வெறுங்கையோடு அவர் நின்றுகொண்டிருந்தார்.

"வந்தாச்சா?" என்றாள். எவ்வளவு முயன்றும் அலுத்துக்கொள்ள வரவில்லை. "மலைக்குப் போகலையா?"

"பாதியில திருப்பிட்டேன்."

"ஏன், ரிட்டர்ன் லோடு கிடைச்சுதா?"

"தேடவே இல்ல." அவள் புடவையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "நீ தனியா இருக்கியேன்னு... வண்டி மலை ஏற மாட்டேன்னுடுச்சு."

"ரெண்டு பேரும் கொஞ்சம் வழி விடுறீங்களா, பாத்ரூம் போகணும்," என்று மகள் நடுவில் புகுந்து ஓடினாள்.

அவர் உள்ளே வராமல் நிலைப்படியிலேயே நின்றார்.

"நம்ம வீட்டுல பெல் இருக்கா?"

"இருக்கு. நீங்கதான் அடிச்சதில்ல."

கதவு திறந்தே கிடக்க, அவர் கையை நீட்டி மணியை இன்னொரு முறை அழுத்தினார்.