கிளிப் போட்ட அத்தியாயங்கள்

கொலைக்கதை படிப்பதற்கென்று எனக்கு ஒரு முறை உண்டு. பிணம் விழும் பக்கங்களை ஆற அமரப் படிப்பேன். ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் பார்த்துப் பெருமூச்சு விடும் அத்தியாயங்களைச் சேர்த்துப் பிடித்து, ஒரு கிளிப்பை மாட்டிவிட்டுத் தாண்டிப் போய்விடுவேன். செத்தவளின் உடம்பு சூடு ஆறவில்லை, அதற்குள் இன்ஸ்பெக்டருக்குக் காதல் என்ன வேண்டிக்கிடக்கிறது? அரசாங்கம் அதற்கா சம்பளம் கொடுக்கிறது?

நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். மூச்சை இழுங்க, பிடிச்சுக்குங்க, விடுங்க என்று நாள் முழுக்க அறுபது பேரிடம் சொல்லிவிட்டு வருகிறேன். காதலர்கள் மூச்சு விடுவதை வீட்டில் உட்கார்ந்து வேறு பார்க்க என்னால் ஆகாது.

வீட்டில் நானும் தங்கச்சியும்தான். அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. அம்மா அப்பா போன பிறகு அவளை வளர்த்தது நான் என்று நான் சொல்வேன். என்னைச் சகித்தது தான் என்று அவள் சொல்வாள். எங்கள் ஆஸ்பத்திரி வேறு ஊரில் ஒரு கிளை திறக்கிறது. அடுத்த மாதம் எனக்கு அங்கே மாற்றல். கீழே இருக்கும் வீட்டுக்கார அம்மாவிடம், நாங்க காலி பண்றோம் என்று சொல்லியாகிவிட்டது. தங்கச்சியைக் கேட்டேனா என்றால், சொன்னேன். "சரிக்கா" என்றாள். உப்புக்குக்கூட நாலு எதிர்க்கேள்வி கேட்பவள் ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டாளே என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். என் துப்பறியும் மூளை புத்தகத்துக்கு வெளியே வேலை செய்யாது போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் கடையிலிருந்து கொண்டுவந்திருந்த தடிப் புத்தகத்தை முடித்தேன். ஹோட்டல் அறையில் ஒரு பாடகி செத்துக் கிடக்கிறாள். முந்நூறு பக்கம் அலைந்த பிறகு, பெண் இன்ஸ்பெக்டர் திடுதிப்பென்று போய் ஹோட்டல் மேனேஜர் கையில் விலங்கை மாட்டுகிறாள். எப்படிக் கண்டுபிடித்தாள் என்று ஒரு வரி கிடையாது. கிளி ஜோசியம் பார்த்தாளோ என்னவோ.

இதெல்லாம் ஒரு கதையா என்று, துணி மடித்துக்கொண்டிருந்த தங்கச்சியிடம் கத்தினேன். அவள் சிரித்தாள். துப்பு நான் கிளிப் போட்ட அத்தியாயத்தில் இருக்கிறதாம். இன்ஸ்பெக்டரும் அவள் காதலிக்கும் டாக்டரும் காபி குடிக்கிறார்கள். அதுவரை 'நீங்க' என்று பேசியவன் வாய் தவறி 'நீ' என்றுவிடுகிறான். வெட்கப்பட வேண்டியவள் விருட்டென்று எழுந்து நிற்கிறாள். அந்தப் பாடகியை முன்பின் பார்த்ததே இல்லை என்று சத்தியம் செய்த மேனேஜர், விசாரணையில் 'அவ கதவைப் பூட்ட மாட்டா' என்றல்லவா சொன்னான்? அறைக்கு வந்த விருந்தாளி என்றால் 'அவங்க பூட்ட மாட்டாங்க' என்றுதானே வாயில் வரும்?

"இதை வெச்செல்லாம் உள்ள தள்ளினா ஊர்ல ஒருத்தர் மிஞ்ச மாட்டாங்க" என்றேன்.

"மரியாதை நாக்குல இருக்குக்கா. பழக்கம் அதுக்கும் உள்ள இருக்கு."

பெரிய வக்கீல். புத்தகம் யாருடையது என்று சும்மாதான் கேட்டேன். கடையில் லென்ஸ் வெட்டுபவருடையதாம். அவரோடு அவ்வளவாகப் பேச்சு இல்லையாம். கேட்டாளாம், கொடுத்தாராம். சொல்லுக்குச் சொல் 'ர்' போட்டுப் பேசினாள். பிறகு புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி, நான் கிளிப் மாட்டிய இடத்தைத் தடவிப் பார்த்தாள்.

"இதையெல்லாம் எடுத்துடுக்கா. தடம் விழுந்தா திட்டுவான்."

நான் நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். அவள் மடித்த துண்டையே பிரித்து மறுபடியும் மடித்தாள். காது இரண்டும் சிவந்துவிட்டன. அடுத்தவர் எலும்பில் மயிரிழை விரிசல் இருந்தாலும் காட்டிக்கொடுப்பவள் நான். என் வீட்டில் நடப்பது எனக்குத் தெரியவில்லை.

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷம்."

"அப்புறம் எதுக்குடி சரின்னு சொன்னே?"

"நீ தனியாப் போவியேக்கா" என்றாள், துண்டைப் பார்த்துக்கொண்டு.

எனக்குக் கோபம் வந்தது. அவள்மேல் கொஞ்சம், திட்டுகிறவன்மேல் நிறைய. அதைவிடப் பயம்தான் அதிகமாக வந்தது. புது ஊரில் ஒற்றை அறையில் யாரோடு சண்டை போடுவேன்? கதை புரியவில்லை என்று யாரிடம் கத்துவேன்? இந்த மகராசி எனக்காக அவனை விட்டுவிட்டு, மூச்சுக் காட்டாமல் என் பின்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வர இருந்திருக்கிறாள்.

கிளிப்புகளைக் கழற்றி, தாண்டிய அத்தியாயங்களை உட்கார்ந்து படித்தேன். மோசமில்லை, டாக்டர்தான் கொஞ்சம் வழிகிறான். படித்து முடித்ததும், அந்த லென்ஸ்காரனைச் சாயங்காலம் வீட்டுக்கு வரச் சொன்னேன். தடம் விழுந்ததற்கு நானே பதில் சொல்லிக்கொள்கிறேன், வந்து என்னைத் திட்டட்டும் என்றேன். அவள் அழுதாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினேன்.

வீட்டுக்கார அம்மா வாசலில் கால்மிதியை உதறிக்கொண்டிருந்தார். என்ன, சாமான் கட்ட ஆரம்பித்தாயிற்றா என்று கேட்டார்.

"காலி பண்றோம்னு தப்பாச் சொல்லிட்டேம்மா" என்றேன். "தங்கச்சி இங்கதான் இருப்பா. நான் போறேன்."