டோனி வெல்டன் மாதிரி

"நல்லாத்தான் இருக்கு" என்று இழுத்தாள் இயக்குநர் மாரைக்கே.

எக்கார்ட் வூலிஷுக்கு எரிச்சல் வந்தது. முப்பது வருஷமாகப் படங்களுக்கு இசையமைக்கிற மனுஷனுக்கு, ஓர் இயக்குநர் இப்படி இழுத்தால் என்ன அர்த்தம் என்று தெரியாதா? இதோடு நான்காவது தடவை. படத்தின் கடைசிக் காட்சிக்கு அவர் எழுதிக் கொண்டுவந்த நான்காவது இசையும் போச்சு.

"ஆனா?" என்றார்.

"ஆனா டோனி வெல்டன் மாதிரி வரல, எக்கார்ட். அந்தாளு கிட்ட ஒண்ணு இருக்கு. அது உன்கிட்ட வரமாட்டேங்குது."

மாரைக்கேக்கு முப்பத்தாறு வயது, அவருக்கு ஐம்பத்தொன்பது. ஆனாலும் மியூனிக் சினிமாக்காரர்கள் மத்தியில் முதல் நாளிலிருந்தே எல்லாரும் எல்லாருக்கும் 'நீ'தான். அந்த 'நீ' இன்று அவருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே குத்தியது.

எல்லாம் படத்தொகுப்பாளன் கோர்பினியன் செய்த வேலை. இசை தயாராகும்வரை காட்சி வெறுமையாக இருக்கக்கூடாது என்று, எங்கிருந்தாவது ஓர் இசையை எடுத்துத் தற்காலிகமாக ஒட்டிவைப்பார்கள். இந்தத் தொழிலின் சாபக்கேடே அதுதான். ஆறு மாதம் அதையே கேட்டுக்கேட்டு இயக்குநருக்கு அதன்மேல் பைத்தியம் பிடித்துவிடும். அப்புறம் வருகிற இசையமைப்பாளன் தலைகீழாக நின்றாலும் எடுபடாது. கோர்பினியன் ஏதோ பழைய இசைத் தொகுப்பிலிருந்து டோனி வெல்டன் என்பவரின் பியானோவை ஒட்டிவைத்திருந்தான்.

அந்த டோனி வெல்டன் எக்கார்ட்தான்.

இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால், விளம்பரங்களுக்கும் ஆவணப்படங்களுக்கும் விற்பதற்காக ஒரு நிறுவனம் மொத்தமாக இசை வாங்கிக்கொண்டிருந்தது. ஆங்கிலப் பெயர் போட்டால் நன்றாகப் போகும் என்றார்கள். டோனி வெல்டன் என்று எழுதிக்கொடுத்தார். 'சோகம், பியானோ, மூன்று நிமிடம்' என்று அவர்கள் கொடுத்த தாளில் இருந்தது. ஒரே மத்தியானத்தில் முடித்துவிட்டு நீந்தப் போய்விட்டார்.

முதல் நாள் படம் பார்த்தபோதே அடையாளம் தெரிந்துவிட்டது. அப்போதே வாயைத் திறந்திருக்கலாம், ரோஷம் விடவில்லை. பதினெட்டு வருஷமாக வியாழக்கிழமை டிவி குற்றத் தொடருக்கு வாசித்துத் தேய்ந்தவர் அவர். பிணம் கிடைத்தால் செல்லோவின் முனகல், கொலைகாரன் ஓடினால் தபதபவென்று மத்தளம். இத்தனை காலத்துக்கு அப்புறம் ஒரு திரையரங்குப் படம் வந்திருக்கிறது. பார்க்கிறவர்கள் எழுந்து போகும்போது காதில் நிற்கப்போவது அந்தக் கடைசி இசை. அது இன்றைய எக்கார்ட் எழுதியதாக இருக்க வேண்டும், ஒரு பொடியன் அவசரத்தில் கிறுக்கியதாக இருக்கக்கூடாது. இதுதான் அவர் பிடிவாதம்.

ஒலிகளையெல்லாம் சேர்த்துப் படத்தை முடிக்கும் ஒலிக்கலவைக்கு இரண்டே நாள்தான் இருந்தது. ஐந்தாவதை நான்கு வயலின்காரர்களைக் கூட்டிவந்து பதிவுசெய்து, படத்தொகுப்பு அறைக்கு எடுத்துப் போனார். வெண்ணெய் தடவிய பிரெட்சல் ரொட்டியை மென்றபடி கோர்பினியன் ஓடவிட்டான். திரையில் படத்தின் நாயகி, செத்துப்போன கணவனின் கோட்டுகளை ஒவ்வொன்றாகத் தெருவோரப் பழந்துணிப் பெட்டிக்குள் போட்டாள். வயலின்கள் கூடவே விம்மின.

மாரைக்கே கண்ணைத் தேய்த்துக்கொண்டாள். "இதுல நீ அவளைப் பாத்துப் பாத்து அழுவுற. டோனி அவளைப் பாக்கவே இல்ல. அவன் பாட்டுக்கு வாசிக்கிறான். அதான் எனக்கு அழுகை வருது."

"அவன் எப்படிப் பாப்பான்? அவன்கிட்ட படமே இல்ல!" எக்கார்ட்டுக்குப் பொறுமை போய்விட்டது. "டோனி நான்தான். அந்தக் கண்றாவிய எழுதினது நான்தான்."

கோர்பினியன் சிரித்தே விட்டான். "சரிப்பா, அப்ப பீத்தோவன் நான்."

"ஒண்ணே முக்கால் நிமிஷத்துல ஒரு சத்தம் கேக்கும், போடு. என் நாற்காலி. ஒரு கால் ஆடும்."

போட்டார்கள். பியானோவுக்கு நடுவே கிறீச்சென்றது.

"அந்த எடம் எனக்கு உசிரு" என்றாள் மாரைக்கே மெதுவாக. "டோனி வேணும்னே வெச்சிருக்கான்னு நெனச்சேன்." அப்புறம் எழுந்துவந்து அவரைக் கட்டிக்கொண்டாள். "இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன? மூணு வாரமா ரெண்டு பேரும் மண்டைய ஒடச்சிக்கிட்டோம். இதையே வெச்சுடலாம். உன் பேரையே போடலாம்."

"எனக்குப் புதுசுதான் வேணும்."

"ஏன்? எது நல்லா இருக்குன்னு நீயே சொல்லு."

கோர்பினியன் இரண்டையும் அடுத்தடுத்து ஓடவிட்டான். எக்கார்ட் பார்த்தார். தன் வயலின்கள் மேல் அவருக்கே கோபம் வந்தது. பழையது ஓடி முடிந்ததும், இன்னொரு தடவை போடச் சொன்னார்.

"பழசு" என்றார்.

"அவ்வளவுதான்" என்றாள் மாரைக்கே. முகமெல்லாம் சந்தோஷம். "அடுத்த படமும் நீதான், எக்கார்ட். வசந்தகாலத்துல ஆரம்பிக்கிறோம். ஆனா ஒண்ணு, இந்த வயலின் வெச்சு அழுவுற எக்கார்ட் வேண்டாம். டோனியா வா."

பதினெட்டு வருஷமாக அவர் காத்திருந்த வார்த்தை, கூடவே ஒரு நிபந்தனையும்.

"வர்றேன்" என்றார்.

வீட்டுக்குப் போய் பியானோ முன்னால் உட்கார்ந்தார். டோனி எப்படி உட்காருவான், எந்த விரலை முதலில் வைப்பான் என்று எவ்வளவு யோசித்தும் அவருக்குத் தெரியவில்லை.