கட்டம் சிவந்தால்

கீர்த்திகாவுக்குக் கோபம் மூக்கின்மேல் வரும். சென்னையில் ஒரு லாரி கம்பெனியில் எக்ஸெல் ஷீட்டுகளோடு மல்லுக்கட்டுவது அவள் வேலை. தாமதமான லாரி சிவப்பு, நேரத்துக்குப் போனது பச்சை. விழிதியூரில் அப்பா கைலாசநாதனுக்குச் சர்க்கரை ஏறியபோதும் அவளுக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். கூகுள் ஷீட் ஒன்றைத் தயார்செய்து அம்மா வடிவாம்பாளின் போனிலும் தன் போனிலும் வைத்தாள். காலையில் அப்பா விரலில் குத்திப் பார்ப்பார். மெஷின் காட்டுவதை அம்மா அன்றைய தேதிக்கு நேரே போடவேண்டும். நூற்று நாற்பதுக்குக் கீழே இருந்தால் கட்டம் பச்சை, தாண்டினால் சிவப்பு.

முதல் வாரமே ஒரு கோளாறு. அம்மா எண் போட மறந்த நாளும் பச்சையாக நின்றது. காலிக் கட்டத்தைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு, நூற்று நாற்பதுக்குக் கீழேதானே என்று பார்முலா தலையாட்டியிருந்தது. கீர்த்திகா விடுவாளா? தேதி கடந்தும் கட்டம் காலியாக இருந்தால் சிவப்பு என்று இன்னொரு விதி எழுதி, எல்லாவற்றுக்கும் மேலே ஏற்றி வைத்தாள். இனி யாரும் ஏமாற்ற முடியாது என்று அவளுக்கு ஒரே திருப்தி.

மாங்கனித் திருவிழாவுக்கு மறுநாள் கட்டம் சிவந்தது. முன்னூற்றுப் பத்து. உடனே போன்.

“மாம்பழம் தின்னீங்களாப்பா?”

“சாமி போகையில எறைச்ச பழம்மா. கையில வந்து விழுந்துச்சு. வேணாங்கலாமா?”

“சாமியா வந்து ஒங்களுக்கு ஊசி போடும்? இன்னொரு தடவ செவப்பு வந்துச்சு, நான் போனே பண்ணமாட்டேன், பாத்துக்குங்க!”

கோபத்தில் வருகிற வார்த்தைதான். சொன்ன கையோடு மறந்தும் போனாள். அதற்குப் பிறகு சிவப்பே வரவில்லை. 128, 132, 130. ஞாயிறுதோறும் அப்பாவோடு சிரித்துப் பேசினாள். பக்கத்து சீட் ஷிஃபாவிடம் பச்சைப்பசேலென்ற ஷீட்டைக் காட்டிப் பீற்றிக்கொண்டாள்.

ஐப்பசியில் வயலுக்குப் போன அப்பா வரப்பிலேயே சாய்ந்துவிட்டார். கீர்த்திகா பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அவருக்கு நினைவில்லை. மாரடைப்பு. சர்க்கரை மாதக்கணக்கில் ஏறிக் கிடந்திருக்கிறது என்றார் டாக்டர். அவள் போனை நீட்டிக் காட்டினாள். “ரத்தத்துல அப்படி இல்லையேம்மா” என்றார் அவர். மெஷின்தான் பழுது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் அப்பா போய்விட்டார்.

கருமாதி முடிந்து சென்னை திரும்பினாள். கூடவே வரச்சொன்னதற்கு, தாளடி நெல்லை அறுத்துவிட்டு வருகிறேன் என்று அம்மா வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தது. அப்பா குரல் இல்லாத வீட்டுக்குப் போன் செய்ய அவளுக்குத் துணிவு வரவில்லை. அடுத்த ஞாயிறும் துணிவு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு, அந்த ஷீட்டையாவது அழித்துத் தொலைப்போம் என்று திறந்தாள்.

எல்லாக் கட்டமும் பச்சை. அப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருந்த நாளுக்கு நேரே 132 என்று இருந்தது. உடனே அம்மாவைக் கூப்பிட்டாள்.

“ஷீட்ல யாரும்மா நம்பர் போடறது?”

“நான்தான். வெறுமன விட்டா செவந்து போவுதுடி.”

“எதைப் பாத்துப் போட்டே?”

“எப்பவும் போடறதுதான். மாம்பழம் தின்னதுக்கு நீ சத்தம் போட்டியே, அதுலேருந்து மெஷின்ல என்ன காட்டினாலும் அவங்க நூத்திமுப்பதை ஒட்டித்தான் போடச் சொல்லுவாங்க.”

அப்பாவைக் கொண்டுபோனது சர்க்கரை இல்லை, தன் வாய்தான் என்று கீர்த்திகாவுக்குத் தோன்றியது.

“ஏம்மா எங்கிட்ட சொல்லல?”

“செவப்பு வந்தா போன் பண்ணமாட்டேன்னு நீதானடி சொன்னே. ஞாயித்துக்கிழமைன்னா விடிஞ்சதுலேருந்து போனை மடியிலயே வச்சிருப்பாங்க.” அம்மா மூக்கைச் சிந்தினாள். “இப்பவும் நீ பேசாம இருந்தியா, ஷீட்ட எடுத்துப் பாத்தேன். எல்லாம் செவப்பா கெடந்துச்சு. அதான் நேத்து ஒக்காந்து ஒண்ணுவிடாம பச்சையாக்கினேன். பாரு, இன்னைக்கு பேசிட்டே.”

“பாப்பா, கேக்குதா? ஹலோ?” என்று அம்மா கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.