பதினேழாம் பிரிவும் பளிச்சிட்ட துணியும்

மசோதாவின் வரைவு நாற்பத்தாறு பக்கம். அதில் தங்கபாயின் தூக்கத்தைக் கெடுத்தது மூன்றே வரி.

நாட்டின் ஏற்றுமதியைப் பெருக்க மத்திய அரசு கொண்டுவரப் போகும் சட்டம் அது. துறைமுகம், சுங்கம், தொழிற்பேட்டை என்று பெரிய பெரிய விஷயங்கள். நடுவில் பதினேழாம் பிரிவு: மருத்துவத் துணியை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒவ்வொருவரும் தம் சொந்த வளாகத்திலேயே பரிசோதனைக் கூடம் வைத்திருக்க வேண்டும்.

செட்டியார்பட்டியில் தங்கபாய் பன்னிரண்டு விசைத்தறிகளில் பேண்டேஜ் துணி நெய்கிறாள். அவளைப் போல முப்பத்தெட்டுப் பேர் சேர்ந்து ஒரு சங்கம். முப்பத்தெட்டுப் பேருக்கும் ஒரே பரிசோதனைக் கூடம், சங்கக் கட்டடத்தின் மாடியில். அந்த மூன்று வரி அப்படியே சட்டமானால் எல்லோரும் ஏற்றுமதியை மறந்துவிட வேண்டியதுதான். 'அல்லது பொதுக் கூடம்' என்று மூன்று சொல் சேர்த்தால் பிழைத்துக்கொள்ளலாம்.

அதைச் சொல்லத்தான் வியாழக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போக வேண்டும். அங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். பேசப் போவது சங்கச் செயலாளர் தங்கபாய். எந்த அதிகாரியைப் பார்க்கப் போனாலும் நான்கு கஜம் துணியும் அதன் பரிசோதனை அறிக்கையும் கொண்டுபோவது சங்கத்தின் வழக்கம். இந்த முறை தங்கபாயின் தறியில் நெய்த துணி. அதை வெளுத்துக் கொடுத்தவன் பிளீச்சிங் பட்டறை அழகுராஜா.

வியாழன் காலை எட்டு மணிக்கு வேன் வந்து நின்றது. மாடியிலிருந்து பாண்டிசெல்வி இறங்கி வந்தாள். கூடத்தில் துணிகளைச் சோதிப்பவள் அவள்தான்.

"அக்கா, துணி ஃபெயில்."

"என்னட்டி சொல்லுத? நூலு கணக்குக் குறையுதா?"

"நூலெல்லாம் சரி. யூவி லேம்புல நீலமா பளபளங்குது. யாரோ வொயிட்னர் போட்டுருக்காவ."

தங்கபாய் திரும்பினாள். வேனில் முன் சீட்டைப் பிடித்திருந்த அழகுராஜா மெல்லப் பின் சீட்டுக்கு நகர்ந்துகொண்டிருந்தான்.

"ஏலே அழகு, எறங்குலே."

இறங்கினான்.

"புண்ணுல படுற துணிக்கு வேட்டிக்குப் போடுற பவுடரப் போடலாமாலே? இத்தன வருசமா தொழில் பாக்க, தெரியாதா?"

"தெரியும்க்கா. டெல்லியிலேருந்து அதிகாரி வாராவ. மங்கலாக் கொண்டுபோயி நீட்டுனா நம்ம ஊருக்குக் கேவலமில்லையா? அதான் இந்த ஒரு துணிக்கு மட்டும்..."

"எம்புட்டுப் போட்ட?"

"ஒரு சிட்டிகை." தங்கபாய் முறைத்தாள். "சரி, ஒரு கை."

வேனுக்குள் இருந்தவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். போன மாதம் பாஸான துணி ஒன்று அலமாரியில் இருக்கிறது, அதை எடுத்துப் போகலாம். இந்த ஃபெயில் அறிக்கையைக் கிழித்துவிட்டால் யாருக்குத் தெரியும்?

"ரெஜிஸ்டர்ல ஏத்திட்டேன்" என்றாள் பாண்டிசெல்வி. "அத நான் கிழிக்க மாட்டேன். வேணும்னா வேற ஆளப் பாத்துக்கோங்க."

தங்கபாய் இரண்டு துணிகளையும் பையில் வைத்தாள். அறிக்கையையும் மடித்து வைத்தாள். "லேம்ப எடுத்துட்டு நீயும் வா" என்று பாண்டிசெல்வியை வேனில் ஏற்றிக்கொண்டாள். ராஜபாளையம் தாண்டி, மலை இடப்பக்கமாகவே கூட வந்தது. எந்தத் துணியை நீட்டுவது என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை.

மண்டபத்தில் மேடைக்குக் கீழேயே மேசை போட்டு உட்கார்ந்திருந்தார் டெல்லியிலிருந்து வந்த பெண் அதிகாரி. தமிழிலேயே பேசினார். முதலில் எழுந்தவர் பெரிய ஆலை ஒன்றின் மேலாளர்.

"மேடம், பதினேழாம் பிரிவு அப்படியே இருக்கணும். பொதுக் கூடம்னா சம்பளம் கொடுக்கறது சங்கம். சங்கத்து ஆளோட துணியை அங்க யாரு ஃபெயில் பண்ணுவா? ஒருத்தர் பேரைச் சொல்லுங்க பாப்போம்."

கூட்டம் சிரித்தது. அதிகாரியும் லேசாகத் தலையசைத்து எதையோ குறித்துக்கொண்டார்.

அந்த நொடியில் தங்கபாய்க்கு எந்தத் துணி என்பது தெரிந்துவிட்டது.

"என் பேரு தங்கபாய்" என்று எழுந்தாள். "சங்கத்துச் செயலாளர். இன்னைக்குக் காலையில எட்டு மணிக்கு என் துணி ஃபெயில்."

அறிக்கையை மேசைமேல் வைத்தாள். அதிகாரி இரண்டு முறை படித்தார்.

"இதை ஏன் கொண்டுவந்தீங்க?"

"ஃபெயில் பண்ற ஆளு பேரு கேட்டாவல்ல, அந்தப் பிள்ள இங்கதான் இருக்கு. அதுகிட்டயே கேளுங்க மேடம்."

சன்னல் திரைகளை இழுத்து மூடினார்கள். பாண்டிசெல்வி விளக்கைக் காட்டினாள். நான்கு கஜம் துணியும் திருவிழா சீரியல் பல்பு மாதிரி நீலமாகப் பளிச்சிட்டது. பக்கத்தில் விரித்த போன மாதத் துணி இருட்டிலேயே கிடந்தது.

"மங்கலா இருக்கதுதான் மேடம் சுத்தமான துணி" என்றாள் பாண்டிசெல்வி.

"வொயிட்னர் போட்டது யாரு?"

தங்கபாய் வாயைத் திறக்குமுன் கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது. "நான்தான் மேடம். அழகுராஜா. உங்களுக்காகத்தான் போட்டேன்."

இந்த முறை அதிகாரியும் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு பாண்டிசெல்வியிடம் கேட்டார். "செயலாளர் துணின்னு தெரிஞ்சேதான் ஃபெயில் போட்டியாம்மா?"

"துணியில நம்பர்தான் இருக்கும் மேடம். பேரு இருக்காது."

அதையும் அவர் எழுதிக்கொண்டார். வேறு எந்த வாக்குறுதியும் தரவில்லை.

நான்கு மாதம் கழித்து மசோதா நாடாளுமன்றத்தில் அறிமுகமானது. தங்கபாய் கைபேசியில் பதினேழாம் பிரிவைத் தேடிப் பிடித்துச் சத்தமாகப் படித்தாள். 'சொந்தக் கூடம் அல்லது பதிவு பெற்ற பொதுக் கூடம்.' சங்கக் கட்டடமே அதிர்ந்தது. அவள் கையமர்த்தினாள்.

"செத்த நேரம் இருங்க, இன்னொரு வரி இருக்கு. பொதுக் கூடத்துல ஃபெயிலான துணியோட விவரத்தையும் அன்னன்னைக்கே வெளியில போடணுமாம்."

அழகுராஜா தலையைச் சொறிந்தான். "இந்த வரி என்னாலதானக்கா?"

"பொறவு? உனக்காக டெல்லியில ஒக்காந்து எழுதிருக்காவ."

மாடியிலிருந்து பாண்டிசெல்வி எட்டிப் பார்த்தாள். "அழகண்ணே, இன்னைக்கு நீங்க அனுப்புன துணி ரொம்ப மங்கலா இருக்கே!"

"மங்கலாத்தாம்மா இருக்கும்" என்றான் அழகுராஜா. "நீ லேம்பப் போட்டுப் பாரு."