வரம்பில் ஓர் இருமல்

மேர்வினின் விதைநெல் வயல் முழுக்க ஒரே உயரம். மூலையில் மட்டும் ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு நெல் நெஞ்சளவு வளர்ந்து நின்றது. விதைநெல் பரிசோதிக்க வந்த உத்தியோகத்தர் சுலோஜனா, மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமலே அதைக் கண்டுவிட்டார்.

"அது பச்சைப்பெருமாளெல்லா, ஐயா?"

தானாக முளைத்தது என்று சொல்லத்தான் மேர்வின் வாயைத் திறந்தார். தானாக முளைக்கிற நெல் சதுரமாக முளைக்காது என்பது நினைவுக்கு வர, மூடிக்கொண்டார்.

சுலோஜனா பொறுமையாக விளங்கப்படுத்தினார். இந்தக் குட்டை நெல் குட்டையாக இருப்பதற்கு ஒரே ஒரு மரபணுதான் காரணம். வளர்ச்சி ஓமோனைச் செய்ய உதவும் அந்த மரபணுவில் ஒரு துண்டு இல்லை. அதனால் பயிர் உயரவில்லை. கதிர் பாரமானாலும் சாய்வதில்லை. பழைய நெட்டை நெல்லான பச்சைப்பெருமாளில் அந்த மரபணு முழுதாக இருக்கிறது. உயரந்தான் ஆட்சியான பண்பு. அதன் மகரந்தம் கொஞ்சம் காற்றில் வந்தாலே போதும், இந்த விதையை வாங்கியவன் வயலில் அடுத்த போகம் நெட்டைகள் தலைநீட்டும். தான் பக்கத்து வட்டை வயல்களைப் பார்த்து வருவதற்குள் பிடுங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் இந்த வயல் விதைநெல்லுக்குத் தேறாது. சொல்லிவிட்டுப் போனார்.

விஞ்ஞானத்தோடு மேர்வினுக்குச் சண்டையில்லை. அவருடைய வழக்கு வேறு. அவர் தேற்றாத்தீவு மெதடிஸ்த வீட்டுப் பொடியனாக இருந்தபோது, மண்டூர் சாமித்தம்பியின் மகள் மங்கையற்கரசியை இதே வரம்பில், அன்று விளைந்த பச்சைப்பெருமாளின் உயரத்தை நம்பித்தான் காதலித்தார். குந்தினால் தலை தெரியாது. சாமித்தம்பி வரும்போதெல்லாம் இருமிக்கொண்டே வருவார். இருமல் கேட்டதும் மேர்வின் ஆமைபோலத் தலையை உள்ளே இழுப்பார். மனுசன் பேசாமல் கடந்து போவார். அந்த மரபணுத் துண்டு அந்தக் காலத்திலேயே தொலைந்திருந்தால், தான் இன்றைக்கும் கட்டைப் பிரம்மச்சாரியாகச் சேர்ச் மணி அடித்துக்கொண்டிருப்பார் என்பது அவர் கணக்கு. கலியாண நாளுக்கு மனைவியைக் கூட்டிவந்து நெல்லுக்குள் இருத்தத்தான் இந்த மூலையை இரகசியமாக விதைத்தார்.

இனி அந்த நாள்வரை பொறுக்க முடியாது. போன் எடுத்துச் சொல்ல, மங்கையற்கரசி முழங்கால் வலியோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். மேர்வின் முன்மாதிரியாகப் போய்க் குந்திக் காட்டினார். தலை மறைந்தது. வயிறு ஒரு பக்கமும் முதுகு மறுபக்கமும் வெளியே நின்றன. நெல்லின் உயரத்தில் குறையில்லை, அகலந்தான் போதவில்லை.

"இதைப் புடுங்கட்டாம், மங்கை. இதுதானே அண்டைக்கு நம்மள மறைச்ச."

"எங்க மறைச்ச? உங்கட வெள்ளைச் சேட்டு வட்டை முழுக்கத் தெரிஞ்ச. அப்பா வீட்டில இருமி எப்பயாவது கேட்டிரிக்கீங்களா? வரம்பில ஏறினாத்தான் அவருக்கு இருமல்."

மேர்வின் குந்திய இடத்திலேயே இருந்தார். கலியாணத்துக்குப் பிறகு மாமனாரின் அந்த வரம்பு இருமலுக்காகக் கல்முனையில் அவர் வாங்காத மருந்தில்லை. கசப்பு, காரம், நாற்றம், எல்லா வகையும். சாமித்தம்பி ஒரு சொல் சொல்லாமல் முகத்தைச் சுளித்துச் சுளித்துக் குடித்தார். சாகும்வரை குடித்தார்.

"நீ ஏன் சொல்லல்ல?"

"அப்பாதான் சொல்லாத எண்ட. பொடியன் ஆசையா வாங்கிட்டு வாறான், குடிச்சிட்டுப் போறன் எண்டார்."

மேர்வின் எழும்பினார். எழும்ப மங்கையற்கரசி கை கொடுக்க வேண்டியிருந்தது. பிறகு ஒவ்வொரு பிடியாகப் பிடுங்கி, வேரில் ஒட்டிய சேற்றைத் தண்ணீரில் அலம்பி, வரம்பில் வைத்தார். மனைவி மாட்டுத் தீனிக்கென்று அதைக் கட்டாகக் கட்டினார்.

சுலோஜனா திரும்பி வந்தபோது மூலை வெறுமையாகக் கிடந்தது. வயல் தேறியது என்றார். மேர்வின் நன்றி சொல்ல வாயைத் திறந்தார். முகத்தைத் திருப்பி இருமினார்.

"என்ன ஐயா, சுகமில்லையா?"

"ஒண்டுமில்ல மிஸ்," என்றார் மேர்வின். "இந்த வரம்பில ஏறினா வாற இருமல்."