காரை நிறுத்தாதீங்க

எட்வர்ட் புதுக் கார் வாங்கிய மூன்றாம் வாரத்தில் தேனியில் ஒரு டாக்டர் வீட்டுக் கார் திருடு போனது. கண்ணாடி உடையவில்லை, பூட்டு உடையவில்லை. சாவி வீட்டுக்குள் டிவி மேசையில்தான் கிடந்தது. ஆனாலும் கார் போய்விட்டது.

போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்துவந்த எட்வர்டுக்கு அன்றோடு நிம்மதி போயிற்று. அவன் காரும் அதே மாதிரிதான். சாவியைத் துவாரத்தில் போட வேண்டாம்; சாவி பக்கத்தில் இருந்தால் பொத்தானை அமுக்கியதும் கிளம்பிவிடும். வீட்டுக்குள் இருக்கும் சாவியின் சிக்னலை வெளியே சுவரோரம் நின்றபடியே ஒரு கருவியால் பிடித்து, காரை ஏமாற்றித் திறந்துவிடுகிறார்கள் என்று மெக்கானிக் சொன்னான். எட்வர்ட் வாசலில் கேமரா வைத்தான். ஸ்டியரிங்குக்கு இரும்புப் பூட்டு வாங்கினான். சிக்னல் வெளியே போகாதபடி சாவியை எப்போதும் தகர டப்பாவில் போட்டு மூடச் சொன்னான். அதுவும் போதாமல் காருக்குள் ஒரு சின்னப் பெட்டியை ஒளித்துப் பொருத்தினான். கார் போகும் இடம் அவன் போனில் தெரியும். போனில் ஒரு பொத்தானைத் தொட்டால் எஞ்சின் அணைந்துவிடும்.

"இது வீடா, பேங்கா?" என்று அவன் மனைவி கிருபாராணி சிரித்தாள்.

ஜூலை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு தூறல் விழுந்தது. மகள் ஸ்வீட்டியைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு, காய்கறியும் வாங்கிக்கொண்டு கிருபாராணி வீடு வந்தாள். ஏழு வயது ஸ்வீட்டி பின் சீட்டில் படுத்து, சத்தமில்லாமல் வைத்திருந்த அம்மாவின் போனில் படம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இறங்குடி."

"அஞ்சே நிமிசம்மா, முடியப் போகுது."

இன்னொரு பை காரிலேயே இருந்தது. எடுக்கத் திரும்பி வரத்தானே போகிறோம் என்று கேட்டைச் சாத்தாமல், ஸ்டியரிங் பூட்டையும் போடாமல், கைப்பையை வாசல் நாற்காலியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். சாவி கைப்பைக்குள் இருந்தது.

அடுப்பில் பாலை வைத்தபோது கார் கிளம்பும் சத்தம் கேட்டது. எட்வர்டாக இருக்கும் என்று முதலில் நினைத்தாள். எட்வர்ட் கடையில் அல்லவா இருக்கிறான்! ஜன்னலுக்கு ஓடினாள். வாசல் சுவரை ஒட்டி மழைக்கோட்டு போட்ட ஒருவன், ஏதோ கருவி துருத்திய ஒரு பையை மார்போடு அணைத்தபடி நின்றான். கார் பின்னால் நகர்ந்து கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது.

"பிள்ள உள்ள இருக்கு! ஏய், பிள்ள இருக்கு!"

வெறுங்காலோடு தெருவுக்கு ஓடினாள். மழைக்கோட்டுக்காரன் பைக்கில் ஏறி வேறு திசையில் போய்விட்டான். கார் தெருமுனையில் திரும்பியது. கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் ஒன்றும் தெரியவில்லை.

எதிர்வீட்டுச் சின்ராசு, ஏலத்தோட்டத்து ஆட்களை மலைமேல் இருக்கும் போடிமெட்டுக்கு ஏற்றிப் போகும் ஜீப்புக்காரர், வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் கத்தியதைக் கேட்டதும் துணியை எறிந்தார்.

"ஏறு தாயி, வெரசா!"

அவருடைய போனிலிருந்து எட்வர்டை அழைத்தாள். வாய் குழறியது.

"கார எடுத்துட்டுப் போயிட்டாங்க..."

"பயப்படாத. போன்ல தெரியுது. மலைப்பக்கம் முந்தல் ரோட்டுல போகுது. இந்தா, இப்பவே எஞ்சின அமத்துறேன்."

"அய்யோ, கார நிறுத்தாதீங்க! ஸ்வீட்டி உள்ள இருக்கா!"

மறுமுனையில் நாற்காலி சரியும் சத்தம் கேட்டது. அவளே தொடர்ந்தாள்.

"ஈர ரோடுங்க. லாரி வர்ற எடம். நடுவுல நின்னுச்சுன்னா? மாட்டிக்கிட்டோம்னு பிள்ளைய என்னமும் பண்ணிட்டான்னா?"

"தொடல," என்றான் எட்வர்ட். அவன் அழுவது அவளுக்குத் தெரிந்தது. "ஸ்பீக்கர்ல போட்டு மேசையில வச்சுட்டேன். தொடவே இல்ல."

அப்போதுதான் தன் போன் ஸ்வீட்டியிடம் இருப்பது கிருபாராணிக்கு உறைத்தது. அழைப்பைத் துண்டித்துவிட்டு அதற்கு அடித்தாள். யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். ஏசப்பா, ஏசப்பா என்று உதடு முணுமுணுத்தது.

"அம்மா," ஸ்வீட்டியின் குரல் கிசுகிசுத்தது. "கார ஓட்டுறது யாரும்மா?"

கிருபாராணி போனைக் காதோடு அழுத்தினாள். பதில் சொல்வதற்குள் ஓர் ஆண்குரல் அலறியது. டயர் கிரீச்சிட்டது. ஸ்வீட்டி வீறிட்டாள்.

"யாரு? யாரு பாப்பா நீ? எப்பிடி உள்ள வந்த?"

"தம்பி! தம்பி, நான் அவ அம்மா பேசுறேன்!"

போன் கைமாறியது. இளவயதுக் குரல். அவனுக்கும் மூச்சு வாங்கியது. "எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமா பிள்ள இருக்கறது தெரியாது."

"கார நீயே வச்சுக்க. பிள்ளைய மட்டும் ஓரமா இறக்கிவிட்டுருப்பா."

"பின்னாடி ஒரு ஜீப்பு வருது. போலீசக் கூட்டிட்டு வர்றியா?"

"இல்லப்பா, நாந்தான்."

"ஜீப்ப நிப்பாட்டச் சொல்லு! இல்லைன்னா நான் நிப்பாட்ட மாட்டேன்!"

கார் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. நிறுத்தினால் அதுவும் மறைந்துவிடும். சின்ராசு அவள் முகத்தைப் பார்த்தார்.

"நிறுத்துங்கண்ணே," என்றாள்.

ஜீப்பு நின்றது. கார் வளைவில் மறைந்தது. போன் துண்டிக்கப்பட்டது.

மழை ஜீப்பின் தார்ப்பாயில் விழுந்துகொண்டிருந்தது. கிருபாராணி சின்ராசுவின் போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அது அடித்தது. எட்வர்ட்.

"கிருபா, கார் நின்னுருச்சு."

அவள் வளைவையே எட்டிப் பார்த்தாள்.

"மறுபடி போகுது. கிருபா, போகுது! பிள்ள இறங்கிட்டாளா?"

"தெரியலயே," என்றாள். "தெரியலயே, எனக்குத் தெரியலயே."

அதற்குமேல் சின்ராசு காத்திருக்கவில்லை. ஜீப்பை முடுக்கினார். வளைவைத் திரும்பினார்கள். சாலையோரம் யாரும் இல்லை. மாந்தோப்பு வேலி, ஒரு கல், அடுத்த வளைவு. அங்கேயும் யாரும் இல்லை. கிருபாராணி கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டாள்.

பூட்டிக்கிடந்த ஒரு டீக்கடையின் தகரக் கூரைக்குக் கீழே, காலில் செருப்பில்லாமல், புத்தகப் பையைக் கட்டிக்கொண்டு ஸ்வீட்டி நின்றிருந்தாள்.

ஜீப்பு நிற்கும் முன்பே கிருபாராணி குதித்தாள். முழங்கால் சிராய்த்தது அவளுக்குத் தெரியவில்லை. பிள்ளையின் தலை, கை, கால் எல்லாவற்றையும் தடவித் தடவிப் பார்த்தாள். ஸ்வீட்டி அழக்கூட இல்லை. பல் மட்டும் தந்தியடித்தது.

"ரோட்டுக்கு வராத, அம்மா வந்துரும்னு அந்த அண்ணன் சொல்லுச்சு," என்றாள். "போனக் குடுக்க மாட்டேன்னுருச்சு."

சின்ராசு எட்வர்டிடம் பேசினார். "பிள்ள கெடைச்சிருச்சு மாப்ளே. நல்லாருக்கா. தங்கச்சி கையிலதான் இருக்கா."

எட்வர்ட் விம்முவது கேட்டது. பிறகு, "இப்ப நிறுத்தவா?" என்று கேட்டான். கிருபாராணி தலையாட்ட, "நிறுத்து மாப்ளே," என்றார் சின்ராசு. கார் முந்தல் செக்போஸ்ட்டுக்கு முன்னால் வேகம் குறைத்தபோது அணைந்து நின்றது. ஓட்டியவன் தோப்புக்குள் இறங்கி ஓடிவிட்டான்.

மழைக்கோட்டுக்காரனை மறுவாரம் பிடித்தார்கள். மற்றவன் பெயரை அவன் சொல்லவில்லை. மூன்று மாதமாகியும் ஸ்வீட்டி அந்தக் காரில் ஏறவில்லை. எட்வர்ட் அதை விற்றுவிட்டான்.

மழைக்கோட்டுக்காரன் பிடிபட்ட அன்று ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் கிருபாராணியிடம் ஒரு கேள்வி கேட்டார். "ஓடிப்போனவன் குரலக் கேட்டா அடையாளம் சொல்லுவீங்களாம்மா?"

"சொல்லுவேன் சார்," என்றாள். "எனக்குத் தெரியாதுக்கா" என்ற அந்தக் குரல் இன்னும் அவள் காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது.