எடை குறைந்த காசுகள்

நெமிலிச்சேரி ஸ்டேஷன் ரோட்டில் நகை மதிப்பிடும் சுதா ஒரு வார்த்தை சொன்னால் சொன்னதுதான். சொன்னதைத் திருப்பி வாங்கிக்கொண்டதே கிடையாது. இத்தனைக்கும் தினம் முப்பது நாற்பது உருப்படி உரசிப் பார்க்கிறவள். அந்தத் திமிர் அவளுக்குக் கொஞ்சம் உண்டு. இல்லையென்று சொன்னால் பொய்யாகிவிடும்.

அன்று காலை ஒரு அக்காவும் தம்பியும் வந்தார்கள். அக்கா அங்கம்மா, தம்பி தேவராஜ். முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் குடியிருக்கும் லம்பாடிக் குடும்பம். அங்கம்மா மஞ்சள் பையிலிருந்து ஒரு காசுமாலையை எடுத்து மேசைமேல் வைத்தாள். விக்டோரியா ராணி தலை போட்ட பழைய வெள்ளி ரூபாய்கள், பதினேழு. ஒவ்வொரு காசுக்கும் மேலே இரண்டு கொக்கி பற்றவைத்து, புரளாதபடி கயிற்றில் கோத்திருந்தார்கள்.

"அம்மா செத்து நாப்பது நாளு ஆவுது மேடம்," என்றான் தேவராஜ். "மாலை இவகிட்டதான் இருந்துச்சு. பாதி வெள்ளிய உருக்கி எடுத்துகினு, மெலிசா டூப்பு ஊத்தி வெச்சிகினு கீறா. நீங்க நிறுத்துச் சொல்லுங்க. சாயந்தரம் எங்க நாயக் முன்னாடி வெக்கணும்."

நாயக் என்றால் அவர்கள் கூட்டத்துப் பெரியவர். அம்மாவின் மாலையில் கை வைத்தவள் என்று அவர் வாயால் வந்துவிட்டால், அப்புறம் அங்கம்மாவை ஒரு வீட்டு விசேஷத்துக்கும் கூப்பிட மாட்டார்கள். இதை அவளேதான் சொன்னாள், குரல் உயராமல். "நிறுத்துப் பாருங்கம்மா. நான் எடுக்கல."

சுதா கயிற்றை உருவி, வரிசை மாறாமல் காசுகளைச் சிவப்புத் துணியில் பரப்பினாள். ஓரத்தை உரைகல்லில் இழுத்து ஆசிட் வைத்தாள். நல்ல வெள்ளிதான். அடுத்தது தராசு. அந்தக் காலத்து ரூபாய் ஒன்று ஒரு தோலா, பதினொன்றரை கிராமுக்கு மேலேயே இருக்க வேண்டும். முதல் காசு பத்தே முக்கால். அடுத்ததும் கிட்டத்தட்ட அதே. போகப் போக ஒன்பதரைக்கும் இறங்கியது. கொக்கியின் எடையையும் சேர்த்துத்தான் இந்த லட்சணம்.

"எல்லாமே குறையுது," என்றாள்.

"நான் சொல்லல?" என்றான் தேவராஜ். அங்கம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

சுதா சீட்டுப் புத்தகத்தை இழுத்துப் பேனாவையும் திறந்துவிட்டாள். எழுதிக் கொடுத்திருந்தால் அந்தப் பெண்ணின் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் தராசு காட்டிய எண்கள் அவளை உறுத்தின. நடுக்காசை விட்டால் ஒரு பக்கத்து எட்டுக் காசு ஓர் எடை, மறுபக்கத்து எட்டுக் காசு வேறு எடை. டூப்பு ஊற்றுகிறவன் ஒரே அச்சில்தானே ஊற்றுவான்? பதினேழும் ஒன்றுபோலல்லவா இருக்க வேண்டும்?

லென்ஸைக் கண்ணில் வைத்துக் குனிந்தாள். பதினேழு காசிலும் ராணியின் முகம் மழுங்கியிருந்தது. மூக்கு இல்லை, கொண்டை இல்லை. புரட்டிப் பார்த்தாள். எட்டுக் காசின் மறுபக்கம் எழுத்தும் பூங்கொடியும் இன்னும் விரலில் தட்டுப்பட்டன. எடை ரொம்பக் குறைந்த எட்டில் அதுவும் வழவழவென்று ஆகியிருந்தது.

மாலையை மறுபடி கோத்துக் கொடுத்தாள். "உங்க அம்மா எப்படிப் போடுவாங்களோ அப்படிப் போட்டுக் காட்டுங்க."

அங்கம்மா தயங்கித் தயங்கித்தான் போட்டுக்கொண்டாள். ராணியின் முகங்கள் மார்போடு ஒட்டிப் படிந்தன. உடம்பில் உரசி உரசித்தான் முகம் போயிருக்கிறது. அப்படியானால் வெளிப்பக்கம்? வழவழத்த அந்த எட்டும் இடதுபக்கம் தொங்கின.

"அம்மா இடதுகைப் பழக்கமா?"

"இல்லம்மா. வலது கையிலதான் வேல செய்யும். இடது இடுப்புல புள்ள இருக்கும்ல."

சுதா பேனாவைக் கீழே வைத்தாள். குழந்தையின் கன்னம், குழந்தையின் பிடி, பல் முளைக்காத ஈறு. இரும்பு அரம் எடுக்கிற வெள்ளியை ஒரு பச்சை வாய் எடுத்திருக்கிறது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ தங்கம் பார்த்தவள், ஒரு நகைக்கு முன்னால் கைகூப்பத் தோன்றியது அன்றைக்குத்தான்.

"ஒண்ணும் களவு போகல," என்றாள். "தேஞ்சிருக்கு, அவ்வளவுதான். எத்தனை பிள்ளைங்க நீங்க?"

"ஆறு பேரு. மத்தவங்கள்லாம் ஒண்ணு, ஒன்றர வயசுல எறங்கிட்டோம்." அங்கம்மா தம்பியைப் பார்த்தாள். "இவனுக்குத்தான் காலு வரல. ஆறு வயசு வரைக்கும் அம்மா கீழயே உடல. கல்லு ஒடைக்கப் போனாலும் இடுப்புலதான். அழுவாம இருக்க, காச வாயில போட்டுச் சப்பிகினே கெடப்பான்."

தேவராஜ் காலை லேசாகச் சாய்த்து நின்றபடி மாலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சுதா சீட்டை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். "குறையுற வெள்ளி எங்கன்னு உங்க நாயக் கேட்டா என்ன சொல்வீங்க?"

அவன் கை நீட்டி, அக்கா கழுத்தில் கிடந்த மாலையின் இடதுபக்கத்துக் காசு ஒன்றைக் கட்டைவிரலால் தடவினான்.

"என்னாண்டதான் கீதுன்னு சொல்றேன் மேடம்," என்றான்.